அனுப்பத் தெரியாதவர்

அவர் வாயிலிருந்து "சரி, போயிட்டு வா" என்ற பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை. மலாக்காவில் செங் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடை வரிசையின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் கம்பெனி. விடிவதற்கு முன்பே ரெம்பியா, லூபோக் சீனா பக்கத்து எஸ்டேட்டுகளிலும் கம்போங் என்கிற மலாய்க் கிராமங்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து செங்கில் இறக்குவார்கள். ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். அத்தனை பேரையும் நேரத்துக்கு வீடு சேர்த்த மனிதர், தன் அறைக்குள் வந்த ஒருவரைக்கூட நேரத்துக்கு வெளியே விட்டதில்லை.

ஏர்கான் கழுவ வந்த சீனர் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். இன்சூரன்ஸ் புதுப்பிக்க வந்த ஏஜென்ட் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் டிரைவர்களோடு கேரம் ஆடிக்கொண்டிருப்பார். எழுந்தால் போதும், "இரு லா, என்னா அவசரம், இத மட்டும் பாத்துட்டுப் போ" என்று ஒரு பேச்சு வரும். அது என்னவோ பெரிய காரியம் என்று நினைத்து அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே பார்க்க ஒன்றுமே இருக்காது.

நானும் அப்படி வந்து மாட்டியவள்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ரெம்பியாவில் வீட்டில் சும்மா இருந்த நேரம். என் அப்பா அவருடைய பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர். "ஒம் மக கம்ப்யூட்டர்தானே படிச்சிருக்கு? நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு, பிரிண்டர் மக்கர் பண்ணுது" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். போனேன். வயர் தளர்ந்திருந்தது. அழுத்திச் செருகினேன், ஓடியது. பையை எடுத்துக்கொண்டு, "அப்ப நான் வரேண்ணே" என்றேன்.

"இரு லா தங்கச்சி. இந்தப் பேஜ் ஏன் சுத்திக்கிட்டே நிக்குதுன்னு மட்டும் பாத்துட்டுப் போ."

அந்த 'மட்டும்' முடியப் பல வருஷம் ஆயிற்று.

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். ஒரு கையில் சாவிக்கொத்து குலுங்கும். பேசிக்கொண்டே இன்னொருவரைக் கையாட்டிக் கூப்பிடுவார், அவர் வந்ததும் மூன்றாவது ஆளுக்கு மெசேஜ் அனுப்புவார். தானே ஒரு வேலையைச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. டயர் என்றால் அதற்கு ஒருத்தர், ரோட் டேக்ஸ் என்றால் அதற்கு ஒருத்தர், கோயில் கடிதம் எழுத ஒருத்தர். "எல்லாத்துக்கும் ஆள் இருக்கு லா. நமக்குத் தெரிய வேண்டியது யாரக் கூப்பிடணும்ங்கிறதுதான்" என்பார். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. அவ்வளவு பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று கூட இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

அவர் எழுதிய புரோகிராமும் அப்படியே இருந்தது.

ஆமாம், புரோகிராமும் எழுதுவார். யாரோ ஒரு பையனிடம் கேட்டுக் கேட்டு பிஎச்பி கற்றுக்கொண்டிருந்தார். அது இணையப் பக்கங்களுக்காக எழுதும் மொழி. தொழிற்சாலைக்காரர்கள் பக்கத்தைத் திறந்து இன்றைக்கு எந்த வழியில் எத்தனை ஆள் என்று நிரப்பினால் டிரைவருக்கு வேண்டிய பட்டியல் அச்சாகி வர வேண்டும். என்னைப் போன்றவர்கள் அந்தப் பட்டியலை வரி வரியாகத் தாங்களே எழுதியிருப்பார்கள். அவர் எழுதவில்லை. அலுவலகத்தில் இருந்தது விண்டோஸ் கணினி. அந்தக் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கிற எக்செல்லை பிஎச்பியிலிருந்து ஒரே வரியில் கூப்பிடலாம். கூப்பிட்டால் அது திரையில் முகம் காட்டாமல் பின்னால் எழுந்து வரும், சொன்ன கட்டத்தில் சொன்னதை நிரப்பும், அச்சடிக்கும். கடிதம் வேண்டுமானால் வேர்டைக் கூப்பிடுவார். விண்டோஸுக்குள் வாசித்துக் காட்டும் குரல் ஒன்று இருக்கிறது, அதையும் கூப்பிட்டுக் கீழே பஸ் நிற்கும் இடத்தில் ஒலிபெருக்கியில் பேச வைத்திருந்தார். வெள்ளைக்காரப் பெண் குரல் அது. "ரெம்பியா" என்பதை அது சொல்லும்போது அந்த ஊரில் பிறந்த எனக்கே எந்த ஊர் என்று சந்தேகம் வரும். டிரைவர்கள் அந்தக் குரலுக்கு 'மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எதுக்கு லா நாமளே எழுதணும்? உள்ளுக்குள்ளயே எல்லாரும் இருக்காங்க. கூப்பிட்டா வராங்க" என்று பெருமையாகக் காட்டினார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பொறாமையும் வந்தது. அவ்வளவு குறைந்த வரிகளில் அவ்வளவு வேலை நடந்துகொண்டிருந்தது.

ஒன்றுதான் குறை. கூப்பிட்ட எக்செல்லை வேலை முடிந்ததும் போகச் சொல்லவும் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது போகாது. அடுத்த முறை கூப்பிடும்போது பழையது வராது, புதிதாக இன்னொன்று எழுந்து வரும். அதுவும் போகாது. அவர் எழுதிய எந்தப் பக்கத்திலும் அந்த வரி இல்லை. மத்தியானத்துக்குள் அந்தக் கணினி மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். எக்செல், எக்செல், எக்செல் என்று கீழே வரைக்கும் நின்றன. ஒன்றுக்கும் வேலை இல்லை.

ஒவ்வொன்றாகத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' அழுத்தினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் சுருங்கிப்போனது.

"ஏன் லா கொல்ற?"

"சும்மா நிக்குதுண்ணே. வேலை முடிஞ்சிருச்சு."

"ஒனக்கு எப்படித் தெரியும் சும்மா நிக்குதுன்னு? ஏதாவது செஞ்சிக்கிட்டு இருக்கும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் எல்லாவற்றையும் அழிக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பரிதாபப்படுகிற மனிதரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒரு நாள் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. ஷிப்ட் மாறும் நேரம், மழை வேறு. கீழே ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், டிரைவர்களுக்குப் பட்டியல் வரவில்லை. பக்கம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கவில்லை. அவர் மாடிக்கும் கீழுக்குமாக ஓடினார். பிரிண்டர்காரரைக் கூப்பிட்டார், இணையக் கம்பெனியைக் கூப்பிட்டார், என்ன நினைத்தாரோ ஒரு எலெக்ட்ரிஷியனையும் கூப்பிட்டார். விஷயம் இதுதான்: பின்னால் இருந்த எக்செல் ஒன்று, மாற்றத்தைச் சேமிக்கவா வேண்டாமா என்று கேள்வி கேட்டுக் காத்திருந்தது. அந்தக் கேள்விப் பெட்டி யார் கண்ணுக்கும் தெரியாமல் திரைக்குப் பின்னால் இருந்தது. பதில் சொல்ல ஆளில்லை, அதனால் அது நகரவில்லை. அதை நிறுத்தி, பட்டியலைக் கையால் எழுதிக் கொடுத்து, எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டு மாடிக்கு வந்தபோது, கூப்பிட்ட மூன்று பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ரொட்டி சானாய் வாங்கிவர ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார் அவர்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், எல்லாப் பக்கங்களிலும் உட்கார்ந்து அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். கேள்வி கேட்காமல் மூடு, போ. மறுநாள் கணினி துள்ளிக்கொண்டு ஓடியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். எக்செல் ஒன்றுகூட இல்லை. அவர் குனிந்து பார்த்தார்.

"யாருமே இல்லையா லா?"

"யாரும் இருக்கக் கூடாதுண்ணே. அதான் சரி."

தலையாட்டினார். அடுத்த வாரமே கணினி மறுபடி மூச்சு வாங்கியது. திறந்து பார்க்கிறேன், நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு கோடு போட்டு அதைச் செயலிழக்க வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "ஒவ்வொரு வாட்டியும் புதுசா எழுப்பினா நேரமாவுது லா, இருந்துட்டுப் போட்டும்" என்றார். அந்தக் காரணம் அவர் புரோகிராமுக்குப் பொருந்தவே பொருந்தாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை. அதிலிருந்து தினமும் மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழிப்பேன். அவருக்கும் அது தெரியும். எங்களுக்குள் அது பேசாத ஏற்பாடாக ஆகிப்போனது.

இப்படியெல்லாம் சொன்னால் அவர்மேல் எனக்குக் கசப்பு என்று தோன்றும். இல்லை. அப்பா பின்வாசல் படியில் வழுக்கிக் கால் முறிந்து கிடந்தபோது அம்மா ஆம்புலன்ஸுக்குத்தான் முதலில் போன் அடித்தார், அப்புறம்தான் இவருக்கு. இவர்தான் முதலில் வந்தார். கைலியோடு வந்திருந்தார். அப்பாவைக் குழந்தைபோலத் தூக்கித் தன் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் எங்கள் உறவுக்காரர்கள் வந்து போனார்கள், அவர் போகவே இல்லை. அப்பாவை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் டாக்டர்" என்று மல்லுக்கு நின்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருந்தார். கடைசியில் அவரை ஏதோ ஃபாரம் நிரப்பக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டு, அந்த இடைவெளியில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் ஏற்றினோம்.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். டிரைவர்களின் லீவு, சட்டை, சண்டை எல்லாம் அண்ணி பொறுப்பு. குறைவாகப் பேசுவார், சீக்கிரம் முடிப்பார். எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று கணினியைக் கேட்பதைவிட அவரைக் கேட்டால் பதில் வேகமாக வரும். டிரைவர் யாருக்காவது விரலில் வெட்டுப்பட்டால் அவர் துணி சுற்றுகிற நேர்த்தியைப் பார்த்து, "எங்கண்ணி கத்துக்கிட்டீங்க?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே முடிச்சை இறுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் விருந்து. வருகிற கூட்டம் போகாது. அண்ணி அடுத்த வேளைக்கும் அரிசி களைய ஆரம்பிப்பார். அவரைப் போன்ற பொறுமைசாலி இல்லை என்று எல்லாரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் எனக்கு வேலை கிடைத்தது. நல்ல வேலை, நான் ஆசைப்பட்ட வேலை. ஒழுங்காகக் கடிதம் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். "கங்கிராட்ஸ் லா தங்கச்சி" என்று மனசாரச் சொல்லி, டிரைவர்கள் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அப்புறம், "ரோட் டேக்ஸ் வருது, அத மட்டும் முடிச்சிட்டுப் போ" என்றார். முடித்தேன். "புது ஃபேக்டரி ஒன்னு கேட்டிருக்கு, அத மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்திரு" என்றார். ஏற்றினேன். "தீபாவளி வருது, தீபாவளி முடிஞ்சு போ லா, யாரு இப்பப் போவா?" என்றார். சிங்கப்பூர்க்காரர்கள் ஒரு முறை தேதி தள்ளிக் கொடுத்தார்கள், இரண்டாம் முறையும் கொடுத்தார்கள். மூன்றாம் முறை, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டார்கள்.

சொல்லாமல் கிளம்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அது நடக்காது. கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லி, "போயிட்டு வா" என்று பதில் வாங்கிக்கொண்டுதான் படி இறங்குவோம். அம்மா அதில் பிடிவாதமாக இருந்தார். "அப்பாவத் தூக்கிட்டுப் போன மனுசன். அவரு வாயால ஒரு வார்த்த சொல்லாம நீ போனா எனக்கு நல்லா இருக்காது" என்றார். எனக்கும் அது வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் இருந்து எனக்கு பஸ். அதை விட்டால் திங்கட்கிழமையும் போயிற்று, வேலையும் போயிற்று.

அன்றைக்கு வீட்டில் விருந்தாளி யாரும் இல்லை. எனக்காகத்தான் யாரையும் கூப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். என் பெட்டியைப் பார்த்தார், நகர்த்தி ஓரமாக வைத்தார், மறுபடி நகர்த்தினார். அங்கே யார் வீட்டில் தங்குகிறாய், சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். நான் சொன்ன பதில் எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாவுது. நான் போயிட்டு வரேன்."

சாவியை எடுத்தார். "இரு லா. பிசாங் கோரேங் வாங்கிட்டு வரேன், சூடா. சாப்பிட்டுட்டுப் போ. நானே கொண்டு விடறேன்."

வாழைப்பழ பஜ்ஜி வாங்கப் போனவர் வரவில்லை. அந்தக் கடை தெருமுனையில் இருக்கிறது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போன் அடித்தேன், எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி அடுப்படியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பெட்டியைத் தூக்கினார்.

"வா. நான் கொண்டு விடறேன்."

"அண்ணே வரட்டும் அண்ணி. சொல்லிட்டு..."

"அவரு வர மாட்டாரு மா. ஒன் பஸ் போற வரைக்கும் எங்கயாவது சுத்திக்கிட்டு இருப்பாரு."

அண்ணியின் சின்னக் காரில் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை நெரிசல், ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. நான் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு சிக்னலில் நின்றபோது அண்ணி ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்கு நர்ஸ் டிரெய்னிங் கெடச்சிருந்துச்சு, தெரியுமா? சிரம்பான்ல. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் போய்ச் சேரணும். பெட்டியெல்லாம் கட்டிட்டேன். 'இரு லா, தீபாவளி முடிஞ்சு போ'ன்னாரு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எந்தத் தீபாவளின்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல."

பச்சை விழுந்தது. கார் நகர்ந்தது. அவர் கையைத் தொட்டேன். நான் சிரித்துச் சிரித்து ஊரெல்லாம் சொன்ன கதை, கேரம் ஆடிய இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் போகாத எக்செல்லும், இந்த மனுஷிக்கு என்னவாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

"அவரு கெட்டவரு இல்ல மா" என்றார் அண்ணி.

"தெரியும் அண்ணி."

"அதான் கஷ்டம்."

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை அடியில் தள்ளிவிட்டு ஏறப் போனேன். அண்ணி என் தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்தினார். "போயிட்டு வா" என்றார். அந்த வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த விடை அது ஒன்றுதான். வாங்கிக்கொண்டு ஏறினேன்.

ஆயர் குரோவில் பஸ் நெடுஞ்சாலை ஏறும்போது போன் அடித்தது. அவர்தான்.

"எங்க லா போயிட்ட? பிசாங் கோரேங் ஆறுது."

"பஸ்ல இருக்கேன் அண்ணே. கெளம்பிட்டேன்."

"அண்ணே, போயிட்டு வரேன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஓ" என்றார். "ஓ. சரி லா." அதற்குப் பிறகு ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது, வரவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டார் போல, டொக் என்று சத்தம் கேட்டது. துண்டிக்கவில்லை. அவர் நடக்கிற சத்தம் கேட்டது, போய், வந்து, போய். நானும் ஏனோ காதிலிருந்து போனை எடுக்காமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது, கார் வந்து நின்றது.

"எங்க போன?" அவருடைய குரல்.

"பிள்ளைய பஸ் ஏத்திவிட்டுட்டு வரேன்."

அவர் நடக்கிற சத்தம் நின்றது. பிறகு அவர் பேசினார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நீயாவது இரு லா."

"இருக்கேன்" என்றார் அண்ணி.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்தான் போனை வைத்தேன்.